நாலாவது மைக்

தம்பி, ஒரு நிமிஷம். உன் டி-ஷர்ட்ல ‘ரெட் சிக்னல்’னு போட்டு மூணு கிழவனுங்க படம் இருக்கில்ல? கிடாரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான் பாரு, அவன் டெரிக் ரொசாரியோ. வழுக்கைத் தலை கஜேந்திரன், டிரம்ஸ். கண்ணாடி போட்டவன் புருஷோத்தமன், பேஸ் கிடார். சரி, பாடினவன் எங்கன்னு யாராவது கேட்டீங்களா? கேக்க மாட்டீங்க. இங்கதாம்பா நிக்கிறேன். உனக்கு முன்னாடி, க்யூவுல.

ஆமாம்பா, நான்தான். ஆஸ்வால்ட் ஞானராஜ். ஆஸின்னு சொன்னா அந்தக் காலத்துல பெரம்பூர் முழுக்கத் தெரியும். ஏன் அப்படிப் பார்க்கிற? சித்திரை வெயில்ல தோல் ஜாக்கெட் போட்டுக்கிட்டு வேற எவன் வருவான்? பர்மா பஜார்ல வாங்கினது. பட்டன் மட்டும் இப்ப போட வராது, மத்தபடி அதே ஜாக்கெட்.

பின்பக்கம் ஆர்ட்டிஸ்டுங்க போற கேட் இருக்கு. போய்ப் பார்த்தேன். வாட்ச்மேன் உங்க பேர் சொல்லலியே சார்ன்னான். அவன் என்ன பண்ணுவான் பாவம், நேத்து வேலைக்குச் சேர்ந்திருப்பான். நானும் சண்டை போடலை. ஜனங்களோட ஜனமா நிக்கிறதும் ஒரு மரியாதைதானே? இன்னைக்கு ஷோவுக்கு டிக்கெட் வாங்கித்தான் வந்திருக்கேன். முதல் வரிசை. கேட் திறக்க இன்னும் நேரம் இருக்கு. நீ இவனுங்க புது ஆல்பத்தைத்தான் கேட்டிருப்ப. அது எப்படி உருவாச்சுன்னு என்னைத் தவிர யாரும் உனக்கு ஒழுங்கா சொல்ல மாட்டாங்க.

நாங்க நாலு பேரும் ரயில்வே காலனிப் பசங்க. கஜா வீட்டுக்குப் பின்னாடி கரி கொட்டி வைக்கிற ரூம் ஒண்ணு இருந்துச்சு, அங்கதான் பிராக்டீஸ். ஊரே இளையவங்க பெரியவங்கன்னு சினிமாப் பாட்டுல கிடந்தப்ப நாங்க ஹார்ட் ராக் வாசிச்சோம். டெரிக் கிடாரைத் தட்டினா பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரும். என் குரல் இருக்கே, அது ரயில் இன்ஜின் விசிலோட போட்டி போடும்னு சொல்லுவாங்க. டான்ஸ் ஹால், காலேஜ் விழா, கிறிஸ்துமஸ்னு எங்க போனாலும் நாங்கதான். சொந்தப் பாட்டு, எல்லாம் டெரிக் எழுதினது. நான் பாடினேன். பாட்டுன்னா பாடறவன்தானே ஜனங்களுக்குத் தெரியும்? இதுல அவனுங்களுக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் புகைச்சல் இருந்திருக்கும். நான் கண்டுக்கிட்டதில்லை.

எண்பத்தெட்டுல பம்பாய் கேசட் கம்பெனி ஒண்ணு கூப்பிட்டுச்சு. வந்து ரெக்கார்ட் பண்ணுங்க, பிடிச்சிருந்தா நாடு முழுக்க விடறோம்னு. இன்னைக்கு உனக்கு இது சாதாரணம். அன்னைக்கு மெட்ராஸ்ல ராக் வாசிக்கிறவனுக்கு சொர்க்கத்துல இருந்து ஏணி இறக்கின மாதிரி. கஜா அவங்க அம்மா வளையலை அடகு வச்சு டிரம்ஸுக்குப் புது சிம்பல் தட்டு வாங்கினான். டெரிக்குக்குக் கல்யாணம் நிச்சயமாயிருந்துச்சு, அதைத் தள்ளி வச்சான்.

டிக்கெட் நான் எடுத்தேன். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். பொறுப்பான ஆள்னு என்கிட்டதான் விட்டாங்க. வண்டி காலையில. நான் அவனுங்ககிட்ட சாயங்காலம்னு சொன்னேன்.

இரு, இரு. முழுசா கேளு. பொய் சொல்லணும்னு சொல்லலை. அந்தக் கம்பெனி மேனேஜர் எனக்குத் தனியா போன்ல சொன்னாரு, உன் குரலை முதல்ல தனியா கேக்கணும்பா அப்படின்னு. அதை இவனுங்ககிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவானுங்க. யோசிச்சுப் பாரு, நட்பு முக்கியமா இல்லியா? அதான் முன்னாடி போய், பேசி, எல்லாத்தையும் ரெடி பண்ணிட்டு, அப்புறம் தந்தி அடிச்சுக் கூப்பிட்டுக்கலாம்னு நினைச்சேன். டிக்கெட்டைக் குடுத்துட்டுப் போயிருக்கலாமேன்னு கேப்ப. ஒரே டிக்கெட்ல நாலு பேரு, கிழிச்சா குடுக்க முடியும்?

நல்ல பிரயாணம் தம்பி. எதிர் சீட் காலி, மேல பெர்த் காலி. ஒண்ணுல கால் நீட்டினேன், ஒண்ணுல பெட்டியை வச்சேன். அரக்கோணம் தாண்டினதும் டி.டி.ஆர் வந்து மத்த மூணு பேர் எங்கன்னாரு. வரலைன்னேன். அது உண்மைதானே?

இவனுங்க சாயங்காலம் டிரம்ஸ், ஆம்ப்ளிஃபயர் எல்லாத்தையும் மீன்பாடி வண்டியில ஏத்திட்டு சென்ட்ரலுக்கு வந்து, கடைசி வண்டி போற வரைக்கும் பிளாட்ஃபாரத்துலயே நின்னிருக்கானுங்க. எனக்கு ஆக்சிடென்ட் ஆயிடுச்சோன்னு கஜா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போய்த் தேடினானாம். சின்னப்பிள்ளைத்தனம். விசாரிச்சா தெரிஞ்சிருக்கும்.

அங்க என்ன ஆச்சுன்னா, கம்பெனிக்காரன் பேண்ட் எங்கன்னு கேட்டான். நான்தான் பேண்ட்னேன். கிடார் இல்லாம இதை யாரு கேப்பான்னுட்டான். பாரு, அந்த நேரத்துல இவனுங்க அங்க இருந்திருந்தா எல்லாருமே பிழைச்சிருப்போம். இருக்க வேண்டிய நேரத்துல இல்லை. நான் அதைச் சொல்லிக் காட்டினதே கிடையாது. அந்த மேனேஜரே பாவப்பட்டு ஒரு கொசுவத்திச் சுருள் விளம்பரத்துக்குப் பாட வச்சான். ரேடியோவுல நாலு வருஷம் ஓடிச்சு. அதைக் கேட்டிருக்க மாட்ட, நீ அப்ப பிறக்கலை.

அதோட பேண்ட் உடைஞ்சு போச்சு. நான் திரும்பி வந்து போய்ப் பார்த்தா ஒருத்தனும் முகம் குடுத்துப் பேசலை. கஜா டிரம்ஸை வித்துட்டு டயர் கடை வச்சான். புருஷு ஜெராக்ஸ் கடை. டெரிக் பசங்களுக்கு கிடார் கத்துக்குடுத்து ஓட்டினான். நானும் பேங்க்ல கிளார்க்கா சேர்ந்துட்டேன். ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு முப்பத்தஞ்சு வருஷம் பேச்சு கிடையாது. எதுக்குன்னு கேட்டா, எனக்கு இன்னைக்கு வரைக்கும் சரியா புரியலை.

போன வருஷம் டெரிக் போன் பண்ணான். குரலைக் கேட்டதும் டி.வி.யை அணைச்சுட்டேன். “ஆஸி, ஆல்பம் போடறோம்டா. எட்டுப் பாட்டு எழுதி வச்சிருக்கேன். நீதான் பாடணும். நீ பாடினாதான் அர்த்தம்”னான். நான் என்ன சொல்லுவேன்? சம்சாரம் போய்ச் சேர்ந்து அஞ்சு வருஷம் ஆச்சு. பொண்ணு துபாய்ல. நாள் பூரா டி.வி.யோட பேசிக்கிட்டிருந்தவன் நான். வரேன்டான்னேன். அன்னைக்கே மிளகு, பனங்கற்கண்டுன்னு தொண்டைக்கு வைத்தியம் ஆரம்பிச்சுட்டேன்.

விருகம்பாக்கத்துல டெரிக்கோட பழைய ஸ்டூடன்ட் பொண்ணு ஒண்ணு ஸ்டூடியோ வச்சிருக்கு. அங்கதான் ரெக்கார்டிங். உள்ள போனேன். கஜா தலையைக்கூட நிமிர்த்தலை, டிரம்ஸுக்கு நட்டு முறுக்கிக்கிட்டிருந்தான். புருஷுதான் “வா”ன்னான். அவ்வளவுதான் வரவேற்பு. அவனுங்களுக்குக் கூச்சம், நான் விட்டுட்டேன்.

பாட்டைக் குடுத்தான் டெரிக். இங்கிலீஷ் பாட்டு, உனக்கே தெரியும். முதல் பாட்டு, பிளாட்ஃபாரத்துல மூட்டை முடிச்சோட நிக்கிறவங்களைப் பத்தி. வரேன்னு சொன்ன ஆள் வரலை, வண்டி ஒண்ணொண்ணா போகுது, கூலிக்காரன்கூட வீட்டுக்குப் போயிட்டான், அப்படின்னு. படிச்சதும் எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. யாரைப் பத்தின்னு உடனே புரிஞ்சுபோச்சு.

டெரிக் பொண்டாட்டி மொரீன். அவனை விட்டுட்டு மெல்போர்ன் போயிட்டா. அதை மனசுல வச்சு எழுதியிருக்கான் பாவி. நான் அவன் தோள்ல கை வச்சு, “புரியுதுடா”ன்னேன். அவன் கண்ணு கலங்கிடுச்சு. “நிஜமாவே புரியுதாடா?”ன்னான். “புரியாம என்னடா. ஆனா மொரீன் ஏரோபிளேன்லதானே போனா, பிளாட்ஃபாரம்னு ஏன் எழுதியிருக்க?”ன்னேன். கஜா கையில இருந்த ஸ்பேனர் கீழ விழுந்துச்சு. டெரிக் திரும்பிப் போய் கிடாரை எடுத்து மாட்டிக்கிட்டு, “பாடுடா”ன்னான்.

ரெண்டாவது பாட்டு இன்னும் கடுமை. ஒரு ஆளு புகையா மாறி விலைக்குப் போயிட்டான்னு. சுருண்டு சுருண்டு எரியறான், கடைசியில சாம்பல்தான் மிச்சம், கொசுகூட அவனைக் கண்டு பயப்படலைன்னு வருது. மொரீனுக்குக் கொசுன்னா ஆகாது, எனக்கு ஞாபகம் இருக்கு, மொட்டை மாடிப் பார்ட்டிக்குக்கூட வர மாட்டா. ஆனாலும் ஒரு பொம்பளையை இவ்வளவு திட்டக் கூடாதில்ல? நான் அந்த இடத்துல குரலைக் கொஞ்சம் தணிச்சு, இரக்கத்தோட பாடினேன். டிரம்ஸ்ல கஜா என்னைக் கொலை பண்ற மாதிரி அடிச்சான். ஹார்ட் ராக்குக்கு அந்த வெறி வேணும். வயசானாலும் அவனுக்குக் குறையலை.

அஞ்சாவது பாட்டு மெதுவா போகும். அது உனக்கும் பிடிக்குமா? எல்லாருக்கும் அதுதான் பிடிக்குது. டீக்கடையில மூணு பேரு நிக்கிறாங்க. பழக்கதோஷத்துல நாலு டீ சொல்லிடறாங்க. ஒரு கிளாஸ் ஆறிப்போய் அப்படியே இருக்கு. யாரும் எடுக்கலை, கொட்டவும் மனசு வரலை. அதைப் பாடறப்ப எனக்குக் குரல் உடைஞ்சுடுச்சு தம்பி. பொய் சொல்லலை, அழுதுட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தா சவுண்ட் பார்க்கிற பொண்ணும் அழுவுது. புருஷு எழுந்து வெளிய போயிட்டான். அவ்வளவு ஏக்கத்தோட ஒருத்தனை நினைச்சுக்கிட்டே இருந்திருக்காங்க... ஒருத்தியை. மொரீன் எந்தக் காலத்துல இவனுங்களோட டீக்கடையில நின்னான்னு எனக்கு ஞாபகம் வரலை. நான் இல்லாதப்ப நின்னிருப்பா.

கடைசி நாள்தான் முக்கியம். எங்க பேண்ட்ல ஒரு வழக்கம் உண்டு. பிராக்டீஸுக்கு எவனாவது லேட்டா வந்தாலோ, மேடையில சொதப்பினாலோ, கஜா டிரம்ஸ்ல ரோல் அடிப்பான். கட கடன்னு அடிச்சுக்கிட்டே இருப்பான். தப்பு பண்ணவன் மைக்குக்கு வந்து ‘ஸாரி’ன்னு ஒரு தடவை சொல்லணும். சொன்ன உடனே சிம்பல்ல ஒரு அடி. அவ்வளவுதான், விஷயம் செத்துப்போச்சு. அதுக்கு மேல வெளிய போய் யாரும் அதைப் பத்திப் பேசக் கூடாது. புருஷு லவ் பண்ண பொண்ணை டெரிக் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனதே அந்த ரோல்ல முடிஞ்சிருக்கு. என்ன ஒரு பெருந்தன்மையான வழக்கம் பாரு. எல்லாரும் சொல்லியிருக்கானுங்க. நான் மட்டும் சொல்ல வேண்டி வந்ததே இல்லை.

எட்டுப் பாட்டும் முடிஞ்சுது. கிளம்பலாம்னு இருக்கேன். திடீர்னு கஜா ரோலை ஆரம்பிக்கிறான். டெரிக் கிடாரைக் கழட்டி வச்சுட்டு சுவரோரம் போய் நின்னான். புருஷுவும். மைக் முன்னாடி நான் மட்டும்.

எனக்கு மேல் சிலிர்த்துப் போச்சு. ஆகா, இத்தனை வருஷம் கழிச்சு இவனுங்களுக்கு மனசு வந்துடுச்சுடா, என்கிட்ட கேக்கப் போறானுங்கடான்னு. பேசாம இருந்தது, கல்யாணத்துக்குக் கூப்பிடாதது, என் சம்சாரம் செத்தப்ப வாசல்லயே நின்னுட்டுப் போனது, எல்லாத்துக்கும். நான் நகர்ந்து வழி விட்டேன். யாரும் வரலை. மைக்கைக் கழட்டி டெரிக் பக்கம் நீட்டி, “சொல்லுடா, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்”னேன். அவன் வாங்கலை. கஜா அடிச்சுக்கிட்டே இருக்கான். அவனுக்குத் தோள்பட்டையில கோளாறு. முகம் வலியில சுருங்குது, வேர்வை கொட்டுது, நிறுத்த மாட்டேங்கறான். என் முகத்தையே பார்க்கிறான்.

அப்ப எனக்கு ஒண்ணு ஆச்சு. இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. மைக் என் கையிலதானே இருக்கு, வாய்கிட்ட தானா வந்துடுச்சு. வயித்துல இருந்து ஏதோ கிளம்பி தொண்டை வரைக்கும் வந்துச்சு. என்னன்னு தெரியலை. ஒரு வார்த்தையா, அழுகையா, ஒண்ணும் தெரியலை. சென்ட்ரல்ல அந்த மீன்பாடி வண்டி எதுக்கோ ஞாபகம் வந்துச்சு. நான் அதைப் பார்த்தது கூட இல்லை. அப்புறம் இருமல் வந்துடுச்சு. பெரிய இருமல். ஏ.சி. ஒத்துக்கலை, வேற ஒண்ணுமில்லை. கஜா குச்சியைக் கீழ போட்டுட்டான். சிம்பல் அடிக்கவே இல்லை.

டெரிக் எனக்குத் தண்ணி கொண்டு வந்து குடுத்தான். “போய்ட்டு வாடா ஆஸி”ன்னான். நல்லாத்தான் சொன்னான்.

அப்புறம் ஆல்பம் வந்துச்சு. நீ கேட்டிருப்ப, எட்டுப் பாட்டும் டெரிக் குரல். எனக்கும் முதல்ல ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஸ்டூடியோவுக்குப் போன் போட்டேன். அந்தப் பொண்ணுதான் எடுத்துச்சு, “அங்கிள், உங்க குரல் இந்தப் பாட்டுங்களுக்கு ரொம்ப இரக்கமா இருந்துச்சு”ன்னுச்சு. பாராட்டுதானே? டெரிக் கரகரன்னு பாடியிருக்கான், கோவம்தான் இருக்கு, பாவம் அதுதான் அவனால முடியும். ஆனா ஒன்பதாவதா ஒண்ணு இருக்கு பாரு. ரொம்ப நேரம் ரோல். அப்புறம் ஒருத்தன் இருமறான். அதோட ஆல்பம் முடியுது. அந்த இருமல் என்னோடது தம்பி! உங்க காலேஜ்ல எல்லாம் அதைத்தான் பேசிக்கிறீங்களாமே? என்னை முழுசா விட அவனுங்களுக்கு மனசு வரலை, பார்த்தியா?

போன வாரம் டெரிக்கே கூப்பிட்டான். “இது ஒரே ஷோதான்டா. கஜாவை டாக்டர் இனிமே குச்சியைத் தொடக் கூடாதுன்னுட்டார். கடைசியில அவன் ரோல் அடிப்பான். மேடையில நாலு மைக் வைக்கச் சொல்லியிருக்கேன். ஒண்ணு சும்மா நிக்கும். நீ கீழ உக்காந்திருந்தா ஏறி வா. பாட வேண்டாம். ஒரே ஒரு வார்த்தை. அதோட எல்லாம் முடிஞ்சுது, நீ எங்க ஆஸி”ன்னான். போனை வச்சதும் போய் டிக்கெட் வாங்கிட்டேன்.

எனக்கு அவனுங்க வேணும் தம்பி. இதை வெட்கத்தை விட்டுச் சொல்றேன். ஆல்பம் எக்கேடோ கெடட்டும், காலையில போன் பண்ணி ‘என்னடா பண்றே’ன்னு கேக்க மூணு பேர் இருந்தா போதும். அதனாலதான் அந்த ஒரு வார்த்தை என்னவா இருக்கும்னு ராப்பகலா மண்டையை உடைச்சுக்கிட்டேன்.

என்னது? ஸாரியா?

நீ சின்னப் பையன், உன் மேல கோவம் இல்லை. யோசிச்சுப் பாரு, அது தப்பு பண்ணவன் சொல்றது. நான் போய் அதைச் சொன்னா ஆயிரம் பேர் முன்னாடி அவனுங்களை அவமானப்படுத்தின மாதிரி ஆயிடாதா? இத்தனை வருஷம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனவனுங்க, இப்ப மேடை போட்டு, மைக் போட்டு, டிரம்ஸ் அடிச்சுக் கூப்பிடறானுங்க. வாயைத் திறந்து கேக்க வரலை, அவ்வளவுதான். ஆம்பிளைங்க அப்படித்தான். நாமதான் புரிஞ்சுக்கிட்டுப் போகணும்.

அதோ, கேட் திறக்கிறாங்க. வா, வா, இடிக்காம வா. நான் கண்டுபிடிச்சுட்டேன்பா. கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லியும் பார்த்துட்டேன், இருமல்கூட வரலை. கஜா அடிக்க ஆரம்பிச்சதும் மேல ஏறுவேன். மூணு பேரையும் ஒரு தடவை நல்லா பார்ப்பேன். அப்புறம் மைக்கைப் பிடிச்சு, சிரிச்ச முகமா, ‘பரவால்ல’ன்னு சொல்லுவேன்.